நண்பர்கள் கல்யாண ஆல்பம் எதிலும் நான் இல்லை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 34. கல்யாண போட்டோகிராபர். ஒன்பது வருடமாக இதுதான் தொழில். தொழிலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சீசனில் ஒரு வார இறுதிகூடக் காலியாக இருக்காது; அடுத்த வருடத் தேதிகளுக்கே இப்போது அட்வான்ஸ் வருகிறது. பிரச்சினை வேறு இடத்தில்.

கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் கிட்டார். அந்த நால்வரில் இரண்டு பேரின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். காசு வாங்கவில்லை. "நீ எடுக்காம வேற யார்டா எடுப்பா" என்றார்கள்; எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன மாதம் பழைய ஹார்டு டிஸ்கில் இடம் ஒழிக்க உட்கார்ந்தபோது அந்த இரண்டு ஃபோல்டரையும் திறந்தேன். சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் படம். நான் இருப்பது ஒரே ஒன்றில், அதுவும் சுவர்க் கண்ணாடியில், முகத்தை கேமரா மறைத்தபடி.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. எந்தப் படத்தைக் காட்டினாலும் என்ன லென்ஸ், லைட் எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று இப்போதும் சொல்லிவிடுவேன். ஆனால் அன்று என்ன பாட்டு ஓடியது, மைக்கைப் பிடித்து நண்பன் என்ன பேசினான், எதுவும் ஞாபகம் இல்லை. அவன் என்னைப் பற்றித்தான் பேசினானாம். என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது என்னிடம் இருந்தது எஸ்எல்ஆர் கேமரா. ஷட்டரை அழுத்தும் கணத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அவன் கண்கலங்கிய கணம் படத்தில் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை.

இப்போது பேண்டில் கடைசி ஆள், எங்கள் டிரம்மர், ஏழு வாரத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். "எடுத்துட்டே இரு, நடுவுல வந்து ரெண்டு பாட்டு வாசிச்சுட்டுப் போயிடு" என்கிறான். அவனுக்கு அது சின்ன விஷயம். என் கிட்டார் பதினான்கு மாதமாகப் பைக்குள் கிடக்கிறது. வெளியே எடுத்தால் கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஐந்து நிமிடத்தில் விரல் நுனி எரிந்தது, திரும்ப வைத்துவிட்டேன். பாட்டு கேட்பதும் நின்றுபோயிற்று. காரில் மௌனமாகத்தான் ஓட்டுகிறேன். வேலையில் பாட்டு என்பது எனக்கு வெறும் சிக்னல். தாளம் மாறினால் ஆட ஆரம்பிப்பார்கள், பிளாஷைத் தயார் செய், அவ்வளவுதான். சத்தமான நிகழ்ச்சி முடிந்து வந்தால் காதில் ஒரு கீச்சொலி. முன்பு காலையில் போய்விடும். கடைசி இரண்டு முறை மறுநாள் சாயங்காலம் வரை இருந்தது. கனமான 70–200 ஜூம் லென்ஸைத் தாங்கிப் பிடித்தால் இடது கட்டைவிரல் அடியில் வலி.

என் மனைவிக்கு லீவு வார இறுதியில். எனக்கு செவ்வாய், புதன். "நீங்க வீட்லயும் ஓரமா நின்னு பார்த்துட்டே இருக்கீங்க" என்று சொன்னாள். சண்டையில் சொன்னதில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் தைத்தது. போன ஆஃப் சீசனில் இரண்டரை மாதம் வேலை இல்லை. இரண்டு வாரம் தூங்கினேன், மீதி நாள் பழைய எடிட்டிங். கிட்டாரைத் தொடவில்லை. ஓய்வு கிடைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அப்போது போய்விட்டது.

இது வெறும் அலுப்பா, இல்லை எனக்குள் ஏதோ மரத்துவிட்டதா? நண்பனிடம் எப்படி மறுப்பது? இசை திரும்பி வருமா? ஒரு ஈவன்ட் ஆர்கனைசர் வரவேற்பு நிகழ்ச்சிகளில் காசுக்கு கிட்டார் வாசிக்கக் கூப்பிடுகிறார். அதையாவது பிடித்துக்கொண்டால் வாசிப்பு திரும்புமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ஃபோல்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

நண்பனின் பேச்சு ஞாபகம் இல்லை என்பதற்காக உங்கள் நட்பைச் சந்தேகிக்க வேண்டாம். பராஷ், டீல், சில்வர்மன், ஸாபர்மன் என்ற நான்கு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓர் அனுபவத்தின்போது விருப்பப்படி படம் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடக் கண்ணால் பார்த்ததை அதிகம் அடையாளம் கண்டார்கள். காதால் கேட்டதைக் குறைவாக. எடுத்த படங்களைத் திரும்பப் பார்க்காவிட்டாலும் இதே முடிவுதான். கேமராவே இல்லாமல் மனதுக்குள் மட்டும் படம் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கவனம் கண் பக்கம் சாய்கிறது, காதுக்குக் கொஞ்சமே மிஞ்சுகிறது. உங்களுக்கு லைட்டின் திசை ஞாபகம் இருப்பதும் பாட்டு ஞாபகம் இல்லாததும் ஒரே காரணத்தால். பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இது லாபம். கேட்பதை நேசிக்கிறவருக்கு நஷ்டம். நீங்கள் இரண்டும்.

ஆகவே மரத்துப்போகவில்லை. ஆனால் வெறும் அலுப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். அலுப்பாக மட்டும் இருந்திருந்தால் இரண்டரை மாத ஓய்வில் ஏதாவது அசைந்திருக்கும். உங்கள் மனைவி சொன்னதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கேமரா கையில் இருந்தால் எந்தக் கூட்டத்திலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். யாரிடமும் பேச வேண்டாம், ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒன்பது வருடம் அப்படி நின்று பழகியவருக்கு வெறுங்கையோடு நிற்பது மறந்துபோகும். போட்டோகிராபருக்கு இன்னொரு தொழில் பழக்கமும் உண்டு. அடுத்து யார் அழப்போகிறார்கள், யார் சிரிக்கப்போகிறார்கள் என்று எப்போதும் இரண்டு நொடி முன்னால் காத்திருப்பார். வீட்டிலும் அப்படியே இருந்தால் எதிரில் பேசுகிறவருக்கு நீங்கள் அங்கே இல்லாத மாதிரித்தான் தெரியும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று. வேலை அல்லாத ஏதாவது ஒரு சின்ன ஒன்றுகூடலுக்கு, யாராவது ஒருவரின் பிறந்தநாளாக இருந்தாலும் போதும், கேமரா இல்லாமல் போங்கள். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் கூட்டத்தின் நடுவில் உட்காருங்கள். சலிப்பும் கொட்டாவியும் வந்தால் உடம்பு களைத்திருக்கிறது. கை எதையாவது தேடினால், சுவரோரம் போகத் தோன்றினால், நெஞ்சு லேசாக அடித்துக்கொண்டால், கேமரா உங்களுக்கு மறைவிடமாக இருந்திருக்கிறது. இரண்டாவதுதான் வரும் என்பது என் ஊகம். வந்தால் பயப்பட வேண்டாம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் படபடப்பு பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். ஓடிவிட்டால்தான் அடுத்த முறை கூடுதலாக வரும்.

இனி நண்பனின் கல்யாணம். படம் எடுக்க மறுத்துவிடுங்கள், வாசிப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்ய முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பதற்கு அரை மணி முன்னால் ட்யூன் பார்க்க வேண்டும், கை சூடாக வேண்டும். அதே நேரத்தில்தான் உங்கள் தொழிலில் வரவேற்பின் நல்ல படங்கள் விழும்.

மறுப்பதை இந்த வாரமே செய்யுங்கள். ஏழு வாரம் என்பது சீசனில் மிகக் குறைவு, நல்ல ஆட்களின் தேதி போய்விடும். மெசேஜில் வேண்டாம், நேரில், இல்லையென்றால் போனில். முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும். "டேய், உன் கல்யாணத்துல நான் படம் எடுக்கல. மத்த ரெண்டு பேர் கல்யாணத்துலயும் நான் இருந்தும் இல்லாம போயிட்டேன். உன்னுதுல இருக்கணும். வாசிக்கறேன்." இதற்கு மேல் காரணம் அடுக்காதீர்கள். கை வலி, வேலை அதிகம் என்று ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்வு வைத்திருப்பார். "உன்னை மாதிரி யார் எடுப்பா" என்பார். "யாரும் எடுக்க மாட்டாங்க, நல்லா எடுக்கிற ஆளா ரெண்டு பேர் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

அந்த இரண்டு பேரை வெறும் பத்துப் பளிச்சென்ற படங்களை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், ஒரு முழுக் கல்யாணத்துக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்த மொத்தப் படங்களையும் பார்த்துச் சொல்லுங்கள். பரிசாக ஒரு சாயங்காலம் நண்பனோடு உட்கார்ந்து நேர அட்டவணை போட்டுக் கொடுங்கள். குடும்ப குரூப் போட்டோ ஒவ்வொன்றுக்கும் ஆட்களைத் திரட்டி நிறுத்தி எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இருபத்தைந்து குரூப் என்று பட்டியல் வந்தால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பட்டியலைப் பன்னிரண்டுக்குள் கொண்டுவாருங்கள். நாலாயிரம் படத்தைவிட அவருக்கு இது பெரிய உதவி.

தவறு நடப்பது மறுத்த பிறகுதான். இரண்டு நாள் கழித்துக் குற்ற உணர்ச்சி வரும். "சரி, கேண்டிட் மட்டும் எடுக்கறேன்" என்று நீங்களே இறங்கி வருவீர்கள். ஒரே இடத்தில் இரண்டு போட்டோகிராபர். வந்தவர் உங்களைப் பார்த்துப் பதறுவார், நீங்கள் அவர் கோணத்தைப் பார்த்து எரிச்சல்படுவீர்கள், கடைசியில் மாதக்கணக்கில் எடிட்டிங் உங்கள் தலையில். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு எல்லை: நாற்பது நிமிடம், ஒரே கேமரா பாடி, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, மெமரி கார்டை அன்று இரவே அந்த போட்டோகிராபரிடம் ஒப்படைப்பது, ஒரு படம்கூட நீங்கள் எடிட் செய்யாமல் இருப்பது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம்.

இசைக்கு வருவதற்கு முன் காது. இதை இசையைவிட அவசரமாகப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிறது: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். ஆடுகிற இடத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் 100 டெசிபல் சர்வ சாதாரணம். ஆடுகிறவர்கள் நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே போவார்கள். நீங்கள் போக மாட்டீர்கள். நல்ல கோணத்துக்காக ஸ்பீக்கர் அடியிலேயே மண்டியிட்டு இருப்பீர்கள்.

கீச்சொலி மறுநாள் சாயங்காலம் வரை நீள்கிறது என்பது எச்சரிக்கை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியின் அக்கம்பக்கத்தில், அந்த வரைபடத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சு நன்றாகக் கேட்பதால் நமக்குப் புலப்படாது. பரிசோதனைக்கு முந்தின ஒரு நாளாவது சத்தமான இடத்துக்குப் போகாதீர்கள், இல்லையென்றால் தற்காலிகக் குறைவும் சேர்ந்து பதிவாகும். எப்போதாவது ஒரு காதில் திடீரென்று கேட்பது குறைந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதற்கான சிகிச்சை தாமதமானால் பலன் குறையும். வேலைக்கு இசைக் கலைஞர்கள் போடும் இயர்பிளக் வாங்குங்கள். சாதாரண நுரை இயர்பிளக் உயர்ந்த ஒலிகளை அதிகம் அமுக்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும், அதனால் பாதியில் கழற்றிவிடுவீர்கள். இசைக்கானது எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும், கிளையண்ட் பேசுவதும் புரியும்.

கட்டைவிரல் வலியையும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பாடியும் 70–200 லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தொடும்; அதை மணிக்கணக்கில் தாங்குவது இடது கை. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் தசைநாண் உறை வீங்கும் டி க்வெர்வைன் என்ற கோளாறாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் அழுத்துவதும் அதே கட்டைவிரல்தான். வலியோடு பயிற்சி செய்தால் தொழில், வாசிப்பு இரண்டுமே போகும். இரண்டு தோளிலும் எடையைப் பிரிக்கும் ஹார்னஸுக்கு மாறுவது இப்போதே செய்யக்கூடியது.

இப்போது கிட்டார். "மனசு வந்தா வாசிக்கலாம்" என்று பதினான்கு மாதம் காத்தீர்கள், வரவில்லை. உளவியலில் செயல்வழித் தூண்டல் என்று ஒரு முறை இருக்கிறது. அது இந்த வரிசையைத் திருப்பிப்போடுகிறது. மனநிலை எப்படி இருந்தாலும் திட்டமிட்ட சின்னச் செயலைச் செய்வது, விருப்பம் பின்னால் வருகிறதா என்று எழுதிப் பார்ப்பது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும், வாரத்தில் நான்கு நாள். மருத்துவர் கைக்கு அனுமதி தந்த பிறகு. ஷூட் நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் வேண்டாம்.

துருப்பிடித்த கம்பியில் ஆரம்பிக்காதீர்கள். அது விரலை அறுக்கும், ட்யூனில் நிற்காது, "எனக்கு வரவில்லை" என்ற முடிவுக்கு வீணாகத் தள்ளும். அக்கூஸ்டிக் என்றால் 12 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 11 கேஜ் செட் போடுங்கள். அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்து, கழுத்தின் முதல் ஃப்ரெட்டில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற க்ளிப்பை மாட்டினால் சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும், கம்பி மட்டும் தளர்ந்திருக்கும். இளகிப்போன விரல் நுனிக்கு இது பெரிய ஆறுதல். காய்ப்பு திரும்ப சில வாரம் ஆகும். எரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். கொப்புளம் வந்தால் ஒரு வாரம் போய்விடும். புதுக்கம்பி முதல் ஓரிரு நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப ட்யூன் செய்வது உங்கள் காதின் கோளாறு இல்லை.

கிட்டாரைப் பையில் இருந்து எடுத்து ஸ்டாண்டில் நிறுத்துங்கள், எடிட்டிங் மேஜைக்கு எட்டாத அறையில். மேஜைக்குப் பக்கத்தில் வைத்தால் எக்ஸ்போர்ட் ஓடும் இடைவெளியில் தட்டுவீர்கள், கண் திரையில் இருக்கும். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள்: "காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் கிட்டார்." இப்படி "இது நடந்தால் அது" என்று வைத்துக்கொள்கிற எண்ணங்கள் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-ல் விரிவாக எழுதியிருக்கிறார். உட்காரும் முன் எவ்வளவு ஆசை, எழும்போது எவ்வளவு நிறைவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒரு தாளில் குறியுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். நான் பார்க்கச் சொல்வது இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியை.

முதல் இரண்டு வாரம் பாட்டே வேண்டாம். இரண்டு கார்ட்ஸை (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகளை) எடுத்துக்கொண்டு, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை தொடர்ந்து பிசிறில்லாமல் வந்தால் 5 கூட்டுங்கள். மூன்றாவது வாரத்தில் அந்த இரண்டு பாட்டு, முக்கால் வேகத்தில். பாட்டு எது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், மாப்பிள்ளை அல்ல. கல்லூரியில் கைதட்டல் வாங்கிய கஷ்டமான பாட்டை அவர் கேட்பார். கை தூக்கத்திலும் வாசிக்கும் மெதுவான பாட்டைத் தேர்ந்தெடுங்கள். நால்வரும் வீடியோ காலில் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஒலி தாமதமாக வந்து தாளம் இழுத்துக்கொண்டே போகும், "நமக்கு எல்லாம் போச்சு" என்று நால்வரும் நினைப்பீர்கள். ஒருவர் மெட்ரோனோமோடு பதிவு செய்து அனுப்பட்டும், மற்றவர்கள் அதன்மேல் பழகட்டும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் நேரில் இரண்டு ரிகர்சல் போதும்.

கேட்பதையும் திரும்பப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடி, பேஸ் கிட்டாரை மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை தொடர்ந்துபோங்கள். கண்ணை மூடச் சொல்வது தியானத்துக்காக அல்ல. உங்கள் கண் திறந்திருந்தால் ஜன்னல் வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கும்.

காசுக்கு வாசிக்கும் வாய்ப்பை இந்த வருடம் தள்ளிவையுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973 ஆய்வில், தாமாகவே ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொல்லிவிட்டுப் பரிசு கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் காசு ஆசையைக் கொன்றுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் உங்கள் ஒரு ஆசை ஏற்கெனவே தொழிலாகி, வார இறுதிகளை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் இன்னொன்றையும் அதே மண்டபத்தில், அதே ஸ்பீக்கருக்கு முன்னால், அதே வார இறுதியில் கொண்டுபோய் வைப்பானேன்?

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். பன்னிரண்டு மணி நேரம் ஷூட் என்றால் அவ்வளவு நேரமும் நீங்கள் இனிமையாக இருந்தாக வேண்டும். குழந்தை அழுதாலும், உறவினர் அதட்டினாலும் சிரித்த முகம். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-ல் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லாமல் முகத்தில் மட்டும் காட்டும்போது அது அதிகம் களைப்பாக்கும். நள்ளிரவில் வந்ததும் மனைவியிடம் இன்னொரு சிரிப்பைக் காட்டாதீர்கள். "முகம் வலிக்குது, அரை மணி நேரம் பேசாம இருக்கேன்" என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். சொல்லாமல் இருந்தால்தான் ஓரமாக நிற்பதாகத் தெரியும். இரவில் மெமரி கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுப்பதோடு நிறுத்துங்கள், படம் பொறுக்க உட்காராதீர்கள். கடைசிக் காபியைத் தூங்கும் நேரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். அவருடைய லீவு வார இறுதியில் என்பதால் மாதத்தில் ஒரு வார இறுதியைக் காலண்டரில் இப்போதே அடைத்துப் போடுங்கள், கிளையண்ட் பெயர் எழுதும் அதே பேனாவால். வருடத்தில் பன்னிரண்டு வார இறுதி குறையும். அதைத் தாங்கும் அளவுக்கு உங்களுக்கு வேலை இருக்கிறது என்று நீங்களே முதல் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில், இசையில் மட்டுமல்ல, எதிலுமே பிடிப்பில்லாமல் இருக்கிறதா? தூக்கம், பசி மாறியிருக்கிறதா? இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? அப்படியானால் மேலே சொன்ன திட்டத்தை மட்டும் நம்பியிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இன்றே, மனைவியையும் அழைத்துக்கொண்டு.

கல்யாணத்தன்று கேமராப் பை வீட்டிலேயே இருக்கட்டும், காரில்கூட வேண்டாம். முதல் அரை மணி கை பரபரக்கும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: சவுண்ட் செக்கில் நில்லுங்கள், கேபிளைச் சுற்றுங்கள், நண்பனின் அப்பா அம்மாவுக்கு நாற்காலி போடுங்கள். வந்திருக்கும் போட்டோகிராபருக்கு யோசனை சொல்லாதீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாசித்து முடித்ததும் நால்வரும் சேர்ந்து ஒரு படம். மைக்கில் யாராவது பேச எழுந்தால் தலையைக் குனிந்து கேளுங்கள், பார்க்காமல் போனாலும் பரவாயில்லை. கம்பியை மூன்று நாள் முன்பே மாற்றிவிடுங்கள், மேடையில் ட்யூன் நிற்கும். கேப்போவை வலது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஸ்பேர் பேட்டரி இருக்கும் இடம், அன்றைக்குக் காலியாகத்தான் இருக்கும்.